அப்பாவுக்குத் தெரிந்த மெட்ராஸ்

தார்ப்பாயை இழுத்து மூடி, கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு, கடைசி முடிச்சைக் காலால் ஒருமுறை உதைத்தும் பார்த்தார் அப்பா. உள்ளே இருந்தது இரண்டு பெட்டி, ஒரு மெத்தை, ஓர் அரிசி மூட்டை, ஒரு கேஸ் அடுப்பு. அசாமுக்கு ஜவ்வரிசி ஏற்றிப்போகும் லாரிக்கு என்ன கட்டுப் போடுவாரோ அதையேதான் லாரி ஓனரிடம் கேட்டு வாங்கி வந்த குட்டியானை வேனுக்கும் போட்டிருந்தார். வெண்ணந்தூரை விட்டு நான் சென்னைக்கு வேலைக்குக் கிளம்பிய காலை அது. தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

அம்மாவுக்கு நான் போவதில் துளிகூட இஷ்டமில்லை. சேலத்தில் இல்லாத வேலையா, நாமக்கல்லில் இல்லாத ஆபீசா என்று ஒரு வாரம் அடுப்படியிலிருந்தே பாத்திரங்களின் மூலம் பேசினாள். கடைசியில் அப்பா பக்கம் திரும்பி, "ஏனுங்க, நெசமாலுமே அந்த ஊரு உங்களுக்குத் தெரியுமுங்களா?" என்று கேட்டாள். அப்பா லாரி டிரைவர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஓட்டுகிறார். "மெட்ராசா? கண்ணக் கட்டி உட்டாலும் ஓட்டீட்டு வந்துருவேன்" என்றார். அப்படியானால் போகட்டும் என்று அம்மா அரைமனதாகத் தலையாட்டினாள். அப்பாவின் அந்த ஒரு சவடாலின் மேல்தான் என் வேலை, சம்பளம், எதிர்காலம் எல்லாமே நின்றுகொண்டிருந்தது.

சொன்ன வார்த்தையை அவரால் திரும்ப எடுத்துக்கொள்ள முடியவில்லை. தினமும் சாப்பிட உட்கார்ந்தால் அம்மா சென்னையைப் பற்றிக் கேட்பாள், அவர் சொல்வார். என் ஆபீஸ் இருக்கும் தரமணி எப்படி இருக்கும் என்றால் ரோடு அகலம் என்பார். நான் தங்கப்போகும் தெரு நல்ல தெருவா என்றால், அங்கே வண்டி திருப்ப இடமிருக்கிறதா என்று என்னைத் திருப்பிக் கேட்பார். அறையில் காற்று வருமா, தண்ணீர் வருமா என்பதெல்லாம் அவருக்கு இரண்டாம் பட்சம். பத்து சக்கர லாரி ஒன்று உள்ளே போய்த் திரும்பி வர முடிந்தால் அது நல்ல இடம், அவ்வளவுதான்.

ஒருநாள் போனில் வரைபடத்தைத் திறந்து, என் அலுவலகத்தைக் காட்டி, நீங்கள் லோடு இறக்கும் இடத்திலிருந்து இது எவ்வளவு தூரம் என்று கேட்டேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். விரலால் தள்ளினார், மேலும் தள்ளினார். தி. நகர் போனது, மயிலாப்பூர் போனது, கடல் போனது. ஊரே திரையை விட்டு வெளியேறிய பிறகு வண்டலூர் பக்கத்தில் நிறுத்தி, "இதா இருக்குது பாரு" என்றார் சந்தோஷமாக. பகலில் லாரிகளை ஊருக்குள் விடுவதில்லை. அவர் எப்போதும் அங்கேயே நின்று, சமைத்துச் சாப்பிட்டு, தூங்கி, ஊர் அடங்கிய பிறகு உள்ளே போய் ஒரு கிடங்கில் இறக்கிவிட்டு விடிவதற்குள் வெளியே வந்துவிடுவாராம். ஊருக்குள் அவருக்குத் தெரிந்தது அந்த ஒரு கிடங்குதான். அம்மா அடுப்படியில் இருந்தாள். நானும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "அப்பாவுக்கு எல்லாந் தெரியுதும்மா" என்று சத்தமாகச் சொன்னேன்.

அதன்பிறகு நாங்கள் கூட்டுக் களவாணிகள். மாலையில் நான் இணையத்தில் படித்ததை அவருக்கு ஒப்பிப்பேன். இரவுச் சாப்பாட்டில் அவர் அதை அம்மாவிடம் நேரில் பார்த்தவர் போலச் சொல்வார். மெட்ரோ ரயிலைப் பற்றி அவர் விட்ட கதையைக் கேட்டு, சொல்லிக்கொடுத்த எனக்கே அதில் ஏறவேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. கிளம்பும்போது அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பனுக்குத் தெரிஞ்ச ஊருதானே, பயப்படாம போ சாமி" என்றாள். அப்பா, இல்லாத டயர் கோளாறைக் குனிந்து தேடிக்கொண்டிருந்தார்.

மதியம் தாண்டி வண்டலூர் வந்ததும் வண்டியைத் தானாகவே ஓரங்கட்டி லாரிகளுக்கு நடுவில் நிறுத்திவிட்டார். உள்ளே விடமாட்டார்கள் என்றார். இது சின்ன வண்டிப்பா, விடுவார்கள் என்று சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. வண்டிப் பேப்பர்களை எல்லாம் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போக்குவரத்துக் காவலரிடம் போனார். அவர் தாராளமாகப் போகச் சொல்ல, இவர் அதெப்படிப் போகமுடியும் என்று சட்டம் பேசினார். உள்ளே போக அனுமதி கிடைத்ததற்காகச் சண்டை போட்ட டிரைவரை அந்தக் காவலர் வேறு எங்கும் பார்த்திருக்கமாட்டார்.

திரும்பி வந்து ஏறி உட்கார்ந்தார். சாவியைத் தொடவில்லை.

"இப்பவே போலாம்ங்கறாரு" என்றார். கொஞ்சநேரம் ரோட்டைப் பார்த்தார். "பொழுது எறங்கற வரைக்கும் இங்கயே இருந்துட்டுப் போனா என்ன சாமி?"

மறுநாள்தான் வேலையில் சேரவேண்டும். "இருக்கலாங்கப்பா" என்றேன்.

இந்த ஊரின் சந்துபொந்தெல்லாம் இன்று எனக்கு அத்துப்படி. ஆனால் சென்னையை எனக்கு முதலில் சுற்றிக் காட்டியவர் அப்பாதான். அவர் டீ குடிக்கும் கடை, குளிக்கும் குழாயடி, பஞ்சர் ஒட்டும் கிழவர், படுத்துத் தூங்கும் புங்கமரம் என்று பொழுது சாயும்வரை ஒன்றுவிடாமல் காட்டினார். பார்த்தவர்களிடமெல்லாம், "நம்ம புள்ள. மெட்ராசுல வேலை" என்றார்.