கதிரை புதையாத நிலம்

மாமி உட்காரும் பிரம்புக் கதிரை எங்கள் வீட்டுப் பின்வளவு மணலில் எப்போதும் ஒருபக்கமாகப் புதையும். மனைவியின் தாயாரான அவர்தான் என் பகிடிகளுக்குச் சிரிக்கிற ஒரே சீவன். மனைவிக்கு அவையெல்லாம் பாடம். அப்படிப்பட்ட மாமி, கதிரையையும் எடுத்துக்கொண்டு போய், கிண்ணியாவில் இளைய மகள் வீட்டோடு தங்கிவிட்டார். ஏனென்று கேட்டேன். "அங்க கதிரை நேரா நிக்கிது மகன்." அவள் கணவன், என் சகலன், பின்வளவில் கொங்கிறீட் தரை போட்டிருந்தான். ஒரு தரையிடம் தோற்ற மருமகன் திருகோணமலையிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அன்றே சீமெந்து இறக்கினேன். மணலின்மேல் அப்படியே கொட்டுவதாக யோசனை. கேள்விப்பட்டு வந்த சகலன் தலையை ஆட்டினான். "மாரிக்கு வெடிச்சிடும் மச்சான். வேரெல்லாம் எடுத்து, கிறவல் மண் பரப்பி, தண்ணி தெளிச்சு இடிச்சு இறுக்கணும்." மாமியை இன்னும் கொஞ்சநாள் வைத்துக்கொள்ளப் போடும் திட்டம் என்றே நினைத்தேன். ஆனால் வெடித்த தரையில் மாமி கதிரையோடு சரிவதை நினைத்ததும் மண்வெட்டியைத் தூக்கினேன்.

வேலை பார்க்க மாமியும் சகலனோடு ஆட்டோவில் வந்தார். நான் குழாயைத் திறந்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போக, கிறவல் குளமாகிவிட்டது. "நேவிக்குச் சொல்லுவமா?" என்று பதறினேன். மாமி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திச் சிரித்தார். மறுநாளும் வந்தார். அப்போதுதான் புதுப் பயம் பிடித்தது: வேலை முடிந்தால் இங்கே பார்க்க என்ன இருக்கிறது? தரை அங்கேயும்தான் இருக்கிறதே. ஆகவே இடித்தேன். இறுகிய இடத்தையே திரும்பவும் இடித்தேன். நூல் பிடித்துப் பார்த்து, முகத்தைச் சுளித்து, "இன்னும் இறுகல்ல" என்றேன். ஒருநாள் சகலன் குதிகாலால் ஓங்கி மிதித்தான். "சீனன்குடாவில இறங்கிற பிளேன இனி இங்க இறக்கலாம் மச்சான்." மாமி சிரித்தார். என் குளத்துக்குச் சிரித்த சிரிப்பல்ல, உடம்பு குலுங்க, கண்ணில் நீர் வர. இடிகட்டை என் கையில் இருந்தது; சகலனின் கால் பக்கத்தில் இருந்தது. அல்லாஹ்தான் காப்பாற்றினான்.

மறுநாளே கொங்கிறீட் போட்டேன். காய்ந்ததும் மாமி கதிரையோடு வந்துசேர்ந்தார். வென்றேன் என்று நினைத்தேன். ஆனால் வருகிறவர்களுக்கெல்லாம், "இதில பிளேன் இறக்கலாமாம், சின்ன மருமகன் சொன்னவர்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கடைசிவரைக்கும்.

மாமி மௌத்தாகிச் சில மாரிகள் போய்விட்டன. தரையில் ஒரு கீறல் இல்லை. கதிரை நேராக நிற்கிறது. யாராவது தரையைப் புகழ்ந்தால், பிளேன் பகிடியை என்னுடையதாகவே எடுத்துவிடுகிறேன். சகலன் வரும்போது மட்டும் வாயைத் திறப்பதில்லை; அவனும் சொல்வதில்லை. கதிரையைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் தேத்தண்ணி குடிக்கிறோம். அவன் அதை ஒருதரம் சொன்னால் நன்றாயிருக்கும் என்று தோன்றும். கேட்கமாட்டேன்.