கூடாரத்துக்கு நட்ட துடுப்பு

பொத்துவிலின் கடலோரக் களப்பில் விடிகிறது. சுபஹுத் தொழுதுவிட்டு, மணல் திட்டில் தேத்தண்ணி கொதிக்க வைக்கிறோம். நானும் கூட்டாளி நவாசும் கல்முனையிலிருந்து வந்து, நேற்றுப் பின்னேரம் வாடகைக் கயாக் படகில் இங்கே தங்க வந்தோம். வழியில் தண்ணீருக்குள் வேர்விட்டு நிற்கும் கண்ணா மரங்களின் ஓரம் ஒரு மரத்துடுப்பு மிதந்தது. நல்லதாய்ப் போயிற்று என்று எடுத்துவந்து கூடாரச் சீலைக்கு நடுக்கம்பாக நட்டோம். அதன் கீழேதான் படுத்தோம்.

ஒரு தோணி மணலில் வந்து முட்டுகிறது. வலை போடுகிற மனிசர் ஒருவர். இறங்கவில்லை.

"தம்பி, என்ட தம்பி றபீக்கக் கண்டீங்களா? நேத்து வலைக்கு வந்தவன், இன்னும் ஊட்ட வரல்ல."

"இல்ல காக்கா," என்கிறேன், மூத்தவர் என்ற மரியாதையில்.

அவர் கண் கூடாரத்தில் நிற்கிறது. துடுப்பின் பிடியில் நீல நைலோன் கயிறு சுற்றியிருக்கிறது.

"அது அவன்ட. எங்க எடுத்த?"

கையைக் காட்டுகிறேன். அந்தப் பக்கம் முதலை கிடக்கும் என்று கயாக் தந்தவன் சொல்லியிருந்தான்.

மௌத்துச் செய்திக்குச் சொல்லும் வார்த்தை நவாசின் வாயிலிருந்து வந்துவிடுகிறது. "இன்னாலில்லாஹி..."

"பொத்து வாய!" என்கிறார் அவர். "மையத்தக் கண்ட நீயா? அவன் மௌத்தாகல்ல."

துடுப்பைப் பிடுங்குகிறேன். கூடாரம் சரிகிறது. அவர் அதை வாங்கி மடியில் வைத்துக்கொள்கிறார்.

தேத்தண்ணியை மணலில் ஊற்றிவிட்டு, கயாக்கைத் தள்ளி அவர் பின்னால் போகிறோம். கண்ணா மரங்களுக்குள் "றபீக்" என்று கூப்பிடுகிறார். கொக்குகள் எழும்புகின்றன. நவாசும் கூப்பிடுகிறான், அவரைவிடச் சத்தமாக.