மீஞ்சூரில் தொடங்கிய சின்ன ஜெபம்

இன்று பொன்னேரிச் சபையில் உபவாச ஜெபம். நடத்த வேண்டியவர் எங்கள் ஞானமுத்து அண்ணன். ஜெப வரம் பெற்றவர் என்று ஊரே சொல்லும். துணைக்கு நான்.

ரயில் மீஞ்சூரை விட்டதும், "போற காரியம் வாய்க்கணும் தம்பி, ஒரு சின்ன ஜெபம் பண்ணிக்கலாம்" என்றார். எதிரெதிரே உட்கார்ந்து கண்ணை மூடினோம்.

அண்ணன் விதவைகளில் ஆரம்பித்தார். வியாதியஸ்தர், மழை, டெல்லி மந்திரிசபை என்று ஒருவரையும் விடவில்லை.

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால், பொன்னேரி தாண்டி கவரைப்பேட்டை!

அலறிக்கொண்டு இறங்கினோம். எங்களுக்குப் பக்கத்தில் ஜன்னலோரம் இருந்த பழவேற்காட்டு பாயும் இறங்கினார்.

"இன்னா பாய், பொன்னேரில எறங்கணும்னு உங்களாண்ட சொன்னோமே! ஒரு குரல் குடுக்கக் கூடாதா?" என்று எகிறினார் அண்ணன்.

"நானும் அங்கதான் எறங்கணும், ஐயா. எங்க மார்க்கத்துல தொழுதுகினு இருக்கறவங்க குறுக்க போவக் கூடாதே. அதான் அப்டியே குந்திகினு வந்துட்டேன்."

அண்ணனை மன்னிப்புக் கேட்க வைத்துவிட்டார் பாய். சபையில் இதுவரை யாராலும் முடியாத காரியம்.

திரும்பும் ரயிலில் ஏறியதும் அண்ணன் மெல்ல, "பாய்க்காவ ஒரு சின்ன ஜெபம்..." என்று இழுத்தார்.

"தாராளமா பண்ணுங்க, ஐயா. கொஞ்சம் இருங்க, நான் மொதல்ல கதவாண்ட போய் நின்னுக்கறேன்."

எங்கள் சபையில் சின்ன ஜெபம் மூன்று ஸ்டேஷன். உங்கள் சபையில் எத்தனை?