மின்சார சைக்கிளில் பாபநாசம்: வழியில் தளர்ந்த பின்சக்கரம்

பாளையங்கோட்டையிலிருந்து பாபநாசத்துக்குச் சைக்கிளில் போகலாம் என்று சொன்னது என் மனைவி வசந்தா. அவள் பிறந்தது பாபநாசத்தை அடுத்த விக்கிரமசிங்கபுரத்தில். சிறு வயதிலிருந்தே இடது காலில் பலம் குறைவு என்பதால், அந்தப் பாதையில் பஸ்ஸிலோ என் பைக்கின் பின்னாலோதான் போயிருக்கிறாள். மிதிக்கும்போது மோட்டார் கைகொடுக்கும் மின்சார சைக்கிள் இரண்டு வாங்கியதும், தானே ஓட்டிப் போய்ச் சேர வேண்டும் என்ற ஆசை அவளுக்கு வந்துவிட்டது.

தை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். பேட்டை, சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் வழியாக ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். பேட்டை வரை லாரிகள் படுத்தும், அதற்கப்புறம் வயல்காற்றுதான். வசந்தாவுக்குப் பாரம் வேண்டாம் என்று பைகள் முழுவதையும் என் கேரியரிலேயே கட்டியிருந்தேன்.

காருக்குறிச்சி அருகே என் பின்சக்கரத்தில் டிக் டிக் என்று சத்தம். இறங்கிப் பார்த்தால் ஒரு ஸ்போக் கம்பி, சக்கரத்தின் நடுவிலிருக்கும் மோட்டாரை ஒட்டி முறிந்திருந்தது. பக்கத்துக் கம்பிகள் விரல் பட்டாலே ஆடின. வீரவநல்லூர் வரை தள்ளிக்கொண்டே போனோம். அங்கே சைக்கிள் கடை வைத்திருப்பவர் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ரிம் நேராகச் சுற்றாமல் கோட்டம் விழுந்திருப்பதைக் காட்டினார்.

“மோட்டார் இழுக்குத இழுப்பும் கம்பிலதான் விழும், பாரமும் அதுலதான் விழும் அண்ணாச்சி. ஒண்ணு தளர்ந்தா மத்ததும் தளரும்.”

இந்த அளவுக் கம்பி அவரிடம் இல்லை. மற்றவற்றை இறுக்கிக் கோட்டம் எடுத்தால் பாரத்தைக் குறைத்து மெதுவாக ஓட்டலாம், இரண்டு மணி நேரமாகும் என்றார். இரண்டு சைக்கிளையும் லோடு ஆட்டோவில் ஏற்றிவிடலாம் என்றேன். வசந்தா ஒத்துக்கொள்ளவில்லை.

“உங்க வண்டிதான கெட்டிருக்கு? நான் பையப் பைய போயிட்டிருக்கேன்.”

அந்தச் சாலையில் அவள் தனியாக ஓட்டியதே இல்லை. அம்பாசமுத்திரம் ஆற்றுப்பாலத்தில் காத்திருக்கச் சொல்லி அனுப்பினேன்.

பைகளைக் கடையிலேயே விட்டுவிட்டு நான் பாலத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. அவள் அங்கே இல்லை. போனையும் எடுக்கவில்லை. பக்கத்து டீக்கடையில் கேட்டேன். சைக்கிளில் ஒரு அம்மா நிற்காமல் போனதாகச் சொன்னார்கள். அது வசந்தாதானா என்று தெரியவில்லை. பிறகு ஒவ்வொரு வளைவிலும் சாலையோரத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

பாபநாசம் படித்துறையில் தண்ணீரில் காலை விட்டு உட்கார்ந்திருந்தாள். போன் நான் கடையில் விட்டு வந்த பைக்குள் கிடந்திருக்கிறது. ஏன் நிற்கவில்லை என்று கேட்டபோது என் குரல் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது.

“இறங்கினா மறுபடி ஏறப் பயந்திருவேன். அதான் அப்படியே வந்துட்டேன்” என்றாள்.

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

இப்படிக் கிளம்ப நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். புது மின்சார சைக்கிளில் கம்பிகள் ஓடி ஓடித்தான் படியும். முதல் மாதத்திலேயே ஒருமுறை கோட்டம் பார்த்துவிடுங்கள். நீண்ட பயணத்துக்கு முன் பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளைச் சேர்த்து அழுத்திப் பாருங்கள், ஒன்று மட்டும் தொளதொளவென்று இருந்தால் கிளம்பாதீர்கள். நீங்களே இறுக்குவதாக இருந்தால் கம்பியை ரிம்மோடு பிணைக்கும் நிப்பிளைக் கால் சுற்றுக்கு மேல் ஒரேயடியாகத் திருப்ப வேண்டாம், ரிம் கோணிவிடும். நின்ற இடத்திலிருந்து மோட்டாரை முழு வேகத்தில் முடுக்காமல் இரண்டு மிதி மிதித்துக் கிளம்புங்கள். உங்கள் சக்கரத்தின் அளவுக் கம்பிகள் இரண்டைக் கையோடு வைத்திருங்கள், வழியில் கிடைக்காது. பாரத்தை ஒரே சக்கரத்தில் ஏற்றாதீர்கள்.

மறுநாள் திரும்பும்போது வீரவநல்லூரில் பைகளை எடுத்தோம். பாதியை வசந்தா தன் கேரியரில் கட்டிக்கொண்டாள். நான் அடிக்கடி இறங்கிக் கம்பிகளைத் தொட்டுப் பார்த்தபடி பின்னால் வந்தேன். அவள் எங்கேயும் நிற்கவில்லை.