பருப்பு வேகும் தண்ணீர்

எங்கள் ஊரில் மனை வாங்கப் போகிறவர்கள் பத்திரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் தண்ணீரைப் பார்ப்பார்கள். ஒரு வாய் குடித்துவிட்டு உதட்டைப் பிதுக்குவதோ தலையை ஆட்டுவதோ ஆண்கள் செய்யும் சோதனை. பெண்களுக்கு அதில் நம்பிக்கை கிடையாது. பக்கத்து பம்புசெட்டில் ஒரு கேன் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து துவரம்பருப்பை வேகப்போடுவார்கள். நல்ல தண்ணீர் என்றால் பருப்பு மலர்ந்து குழைந்துவிடும். உப்புத் தண்ணீர் என்றால் எத்தனை நேரம் கொதித்தாலும் பருப்பு பருப்பாகவே கிடக்கும்.

ஆம்பூரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. வீட்டுக்குப் பின்னாலேயே ஷாப்பு இருந்தது. தோல் பதனிடும் தொழிற்சாலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். அப்பா அங்கே சூப்பர்வைசர். அதனால் கிணற்றைக் கெடுத்தது எது என்று வீட்டில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. நர்ஸ் வேலை பார்த்த அம்மா டியூட்டி முடிந்து வந்ததும், யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் தெருக்குழாயில் குடத்தோடு நிற்பாள். ஊசி போடுகிறவள் என்று பயந்து குழந்தைகள் அவளுக்கு வழி விடுவார்கள். பெரியவர்கள் விடமாட்டார்கள்.

ஆகவே பாலாற்றுக்கு அக்கரையில், கொஞ்சம் மேடான இடத்தில் ஒரு பாய் மனை விற்கிறார் என்று தெரிந்ததும், அம்மா கேனைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அன்று வெந்த பருப்பை, உப்புக்கூடப் போடாமல், அடுப்படியில் நின்றபடியே ஒரு கரண்டி சாப்பிட்டாள். எனக்கும் ஒரு வாய் கொடுத்தாள். அந்த வாரமே அப்பாவும் பெரியப்பாவும் ஆளுக்குப் பாதி என்று மனையை வாங்கினார்கள்.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்த கோடை விடுமுறையில் வேலை ஆரம்பமானது. முதலில் அஸ்திவாரத்துக்குக் கடைக்கால் தோண்டினார்கள். பிறகு மூலையில் கக்கூஸ் தொட்டிக்கு என்று ஒரு குழி. அங்கேதான் கடப்பாரை எதிலோ பட்டு வேறு மாதிரி சத்தம் கேட்டது. மண்ணை ஒதுக்கிப் பார்த்தால், சுட்ட மண்ணால் ஆன பெரிய வளையம் ஒன்று தெரிந்தது. அதற்குக் கீழே இன்னொன்று, அதற்கும் கீழே இன்னொன்று. உள்ளே கருப்பாக மண். அதில் எலும்புத் துண்டுகளும், ஒரு கொம்பு நுனியும், ஓரத்தில் வெள்ளையாக ஒரு படிவும் இருந்தன.

பெரியப்பா ஷாப்பில் சுண்ணாம்புக் குழிப் பக்கத்து மேஸ்திரி. தோலை ஊறப்போட்டு முடி கழற்றும் குழிகளுக்கு நடுவிலேயே வயதாகிப்போனவர். குழியின் விளிம்பில் குந்தி உட்கார்ந்து அவர் தீர்ப்புச் சொல்ல அதிக நேரம் ஆகவில்லை.

“இது ஷாப்பு குழிடா. சுண்ணாம்பு பாரு, கொம்பு பாரு. எந்தக் காலத்துலயோ இங்க தோலு ஊறப்போட்டிருக்கானுங்க.”

வேறு ஊரில் மண்ணுக்கடியில் வட்டமாக ஏதாவது கிடைத்தால் புதையல் என்பார்கள், சாமி என்பார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது ஷாப்புக் குழிதான். வேலையாட்கள் தலையாட்டினார்கள். அப்பாவும் தலையாட்டினார். பெரியப்பா பேசினால் அப்பாவின் தலை தானாகவே ஆடும்.

“கெணறு வெட்ட பூதம் பொறப்பட்ட கதையா பூட்ச்சி” என்றார் பெரியப்பா. “பாய்கிட்ட மனைய திருப்பிக் குடுத்துட்லாம்.”

அம்மா மெதுவாகக் கேட்டாள். “பருப்பு வெந்துச்சேங்க?”

“இன்னிக்கி வெந்துச்சிம்மா. அடில ஷாப்பு விஷம் கெடந்தா அது சும்மா இருக்குமா? நாளைக்கி புள்ளைங்களுக்கு தோலு அரிக்கும்.”

அம்மாவுக்கும் அதே பயம்தான். வேலை நின்றது. பெரியப்பா பாயைப் பார்க்க நாள் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா சரியாகச் சாப்பிடவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. திட்டாத அம்மாவைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

அவள் வார்டில் அப்போது ஒரு பெரியவர் படுத்திருந்தார். அவருடைய மகன் வேலூரில் கல்லூரி ஒன்றில் வரலாறு நடத்துகிறவர். டிரிப்ஸ் பாட்டிலை மாற்றிக்கொண்டே அம்மா மனைக்கதையைச் சொல்லியிருக்கிறாள். தகப்பனாரை மறந்துவிட்டு மகன் எழுந்து நின்றுவிட்டாராம். வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றனவா, ஆள் இறங்குகிற அகலம்தானா என்று கேட்டுக்கொண்டு, தான் வந்து பார்க்கலாமா என்றும் கேட்டார்.

அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. “படிச்சவங்கள உள்ள உட்டா அப்பறம் கவர்மெண்டுகாரன் வருவான். எடத்தையே புடிச்சிப்பான். ஜாஸ்தி பேஜாரு.”

“புடிச்சா புடிச்சிக்கட்டும்” என்றாள் அம்மா. “அது ஷாப்பு இருந்த எடமா இல்லயான்னு எனக்குத் தெரிஞ்சாவணும்.”

பெரியப்பாவின் முடிவுக்கு மேல் அம்மா பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அப்பாவின் தலை எந்தப் பக்கம் ஆடுவது என்று தெரியாமல் நின்றது.

சனிக்கிழமை அந்த சார் டிவிஎஸ் வண்டியில் வந்தார். மாணவர்கள் இருவர் பஸ்ஸில் வந்தார்கள். கொத்தனார் கரண்டி, பெயிண்ட் பிரஷ், சல்லடை, இவ்வளவுதான் அவர்களுடைய ஆயுதங்கள். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு சார் குழிக்குள் இறங்கினார். வெளியே வந்த ஒவ்வொன்றையும் சாக்கு விரித்து, எந்த ஆழத்தில் கிடைத்ததோ அந்த வரிசையில் வைத்தார்கள். தெருவில் போனவர்கள் சந்தைக் கடை என்று நினைத்து எட்டிப் பார்த்தார்கள். பார்த்தால் எல்லாம் உடைந்த சாமான்.

“குப்பைதாம்மா நமக்கு சாட்சி” என்றார் சார். “நல்ல சாமான எடுத்துக்கிட்டுப் போய்டுவாங்க. குப்பையத்தான் நமக்கு வுட்டுட்டுப் போவாங்க.”

அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் அந்தக் குப்பையிலிருந்து ஒரு சின்ன டவுனே எழுந்து வந்தது. உள்ளே கருப்பும் வெளியே சிவப்புமான சட்டி ஓடுகள். விரிசல் விட்ட சட்டியைத் தூக்கிப் போட மனமில்லாமல் யாரோ இரண்டு பக்கமும் துளையிட்டுக் கட்டியிருந்தார்கள். நூல் நூற்கும் தக்களியில் மாட்டுகிற மண் வில்லை ஒன்று, கண்ணாடி மணிகள், இரும்பு உருக்கிய கசடு, மீன் முள். சுமார் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஆற்றோரமாக இங்கே வீடுகள் நெருக்கமாக இருந்திருக்கின்றன, சில வீடுகளுக்குச் சேர்த்து, மண் வளையங்களை அடுக்கி இறக்கிய இந்த உறைகிணறு இருந்திருக்க வேண்டும் என்றார் சார். வட்டமாகத் தேய்த்த ஓடு ஒன்றை என்னிடம் நீட்டி, “இது இன்னா சொல்லு” என்றார். நான் யோசிக்கவே இல்லை. பாண்டி ஆடுகிற சில்லு. என் பாவாடைப் பையில் அதைவிட நல்ல சில்லு இருந்தது.

எலும்புகளில் கத்தி பட்ட தடம் இருப்பதையும் சார் காட்டினார். கொம்பும் எலும்பும் சமையல் கழிவு, தோல் கழிவு அல்ல. பெரியப்பா எலும்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அப்பவே பிரியாணி போட்டிருக்கானுங்க” என்றார்.

ஆனாலும் அவர் வழிக்கு வரவில்லை. சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டார். நம் வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தில் படிகிறதே, அதுபோலத் தண்ணீர் விட்டுப்போன படிவு அது என்று சார் சொன்னதற்கு, முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடி வரை பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார் சார். இதே வளையங்களைக் கழிவுநீர்க் குழிக்கும் இறக்குவார்களாம்; அப்படி இருந்தால் அடியில் கருஞ்சேறு இருக்கும். குடிநீர்க் கிணறாக இருந்தால் வேறு மாதிரி.

கடைசிச் சனிக்கிழமை அம்மா டியூட்டியை மாற்றிக்கொண்டு வந்து குழி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஃபிளாஸ்கில் டீ ஆறியது. ஒருவருக்கும் ஊற்றவில்லை. மத்தியானம்போல் உள்ளேயிருந்து ஒரு கூடை மேலே வந்தது. அதில் பொடியான ஆற்று மணல் இருந்தது. மணலுக்குள் ஒரு சின்னப் பானை, வாய் மட்டும் சற்று உடைந்து, மற்றபடி முழுசாக. கழுத்தைச் சுற்றிக் கயிறு தேய்ந்த தடம்.

“கயிறு அறுந்து வுழுந்திருக்குது” என்றார் சார் உள்ளிருந்து. “இன்னும் ரெண்டு மூணு கெடக்கு. குடிக்கத் தண்ணி மொண்ட கெணறும்மா இது. சுத்தமான எடம்.”

அம்மா அந்தப் பானையை மடியில் வைத்துக்கொண்டாள். புடவையெல்லாம் ஈரமண். யாரும் பார்க்காதபோது முகத்தைத் துடைத்தாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம், காரணம் இன்னதென்று தெரியாத சந்தோஷம். பெரியப்பா எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, “நான் அப்பவே நெனச்சேன், ஷாப்பு குழின்னா இவ்ளோ சின்னதா இருக்காதுன்னு” என்று சொல்லிவிட்டு, எல்லோருக்கும் இனிப்பாக மக்கன்பேடா வாங்கப் போனார்.

அரசாங்க அதிகாரி ஒருவர் வந்து அளந்து படம் எடுத்துக்கொண்டு போனார். இடத்தை யாரும் பிடிக்கவில்லை. பானைகள் கல்லூரி அலமாரிக்குப் போயின. கிணற்றை மணல் போட்டு மூடி, தொட்டியை எதிர்மூலைக்கு மாற்றி வீட்டைக் கட்டினோம். “நாம பூதத்துக்கு வெட்டுனோம், கெணறு பொறப்பட்டுது” என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். புதிதாகப் போட்ட போர்வெல் தண்ணீரில் பருப்பு முதல் கொதியிலேயே குழைந்தது. ஆனால் அம்மா அதோடு விடவில்லை. மாதம் பிறந்தால் ஒரு பிடி பருப்பைத் தனியாக வேகப்போட்டு, அதை விரலால் நசுக்கிப் பார்ப்பாள். அவளுடைய வார்டுப் பழக்கம் என்று நாங்கள் கேலி செய்வோம். நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு விடுமுறையில், அவள் விரலுக்கடியில் அந்தப் பருப்பு நசுங்கவில்லை. அம்மா ஆச்சரியப்படவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, வெளியே குடம் எங்கே இருக்கிறது என்று தேடினாள்.

அந்தக் கடைசிச் சனிக்கிழமை, மக்கன்பேடா தின்றுகொண்டே நான் சாரிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தேன். இவ்வளவு நல்ல கிணற்றில் ஏன் சார் குப்பையைப் போட்டார்கள்?

“தண்ணி வத்தியிருக்கும், இல்ல கெட்டுப்போயிருக்கும். அப்பறம் இன்னாத்துக்கு ஆவும்? குப்பையக் கொட்டிட்டு வேற எடத்துல வெட்டிக்குவாங்க” என்றார் அவர்.

அப்போது அம்மா கேட்டாள். “கெட்டுப்போவ எவ்ளோ வருஷம் ஆச்சின்னு அதுல தெரியுமா சார்?”

தெரியாது என்று சார் சிரித்தார். அப்பாவும் பெரியப்பாவும் சிரித்தார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய கிணற்றுக்கு இப்போது என்ன கவலை என்று நானும் சேர்ந்து சிரித்தேன். அம்மா மட்டும் ஆற்றுக்கு அக்கரையில், திங்கட்கிழமை அப்பா வேலைக்குப் போகவேண்டிய ஷாப்பின் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போகப் பஸ் வருகிறதா என்று பார்க்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.