மலை இல்லாத ஊர்க்காரன்

எண்பத்தாறில், ஜேர்மனியில் கொலோனுக்குப் பக்கத்து ஊரொன்றில், ஓர் இத்தாலியரின் உணவகத்தில் களவாகக் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். அகதி விண்ணப்பம் போட்டவன் வேலை செய்யக்கூடாது என்பது சட்டம். கழுவும் தொட்டிக்கு மேலே முதலாளி பிறந்த மலையூரின் படம் தொங்கியது. என் இரண்டு கையும் தண்ணீருக்குள் இருப்பதைக் கண்டால் போதும், மனிதர் சரித்திரத்தைத் தொடங்கிவிடுவார். பக்கத்து மலைக்காரரோடு சண்டைபிடித்துக் கட்டிய மதில். பணக்காரக் குடும்பங்கள் போட்டி போட்டு எழுப்பிய கோபுரங்கள். பூமி நடுங்கியதில் மிஞ்சியவை மூன்று. கொள்ளைநோய்க்குப் பயந்து சாத்திய தெற்கு வாசல். உச்சியில், பாறையைக் குடைந்து வெட்டிய கிணறு. எட்டு மாதத்தில் அந்த ஊர்ப் படிகளில் கண்ணை மூடிக்கொண்டு ஏறி இறங்கப் பழகிவிட்டேன்.

அப்போதுதான் அகதி விசாரணைக்கு நாள் குறித்து டெர்மின் வந்தது. இரண்டு கிழமையாக நான் ஓரிடத்தில் இருக்கவில்லை. நடந்துகொண்டே பாடமாக்கினேன்: எப்போது பிடித்தார்கள், எப்போது விட்டார்கள், எந்த விமானம், எந்தக் கதவு. பாடமாக்காமல் விட்டது என் ஊரை மட்டும்தான். சொந்த ஊரை எவன் பாடமாக்குவான்?

அதிகாரி முதலில் கேட்டதே அதைத்தான். நான் உண்மையில் யாழ்ப்பாணத்தான்தானா என்று பார்க்க வேண்டுமாம். பதில் பிழைத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற நினைப்பில் தலை வெறுமையாகி, வாய் தன்பாட்டில் ஓடத் தொடங்கியது. மூன்று கோபுரம் என்றேன். மொழிபெயர்க்க வந்திருந்த நம்மூர் இளைஞர் கோயிலாக்கும் என்று எண்ணியிருப்பார், சந்தேகப்படவில்லை. மலையுச்சிக் கிணற்றுக்கு வந்ததும் பேனையை வைத்துவிட்டார்.

"அண்ணை, யாழ்ப்பாணத்தில எங்க மலை கிடக்கு?"

யாழ்ப்பாணம் தோசைக்கல் மாதிரித் தட்டை. அங்கே ஏறுவதற்கு இருப்பது பனைமரம்.

இது எந்த ஊர் என்று அதிகாரி கேட்டார். இத்தாலியில் இருக்கிறது, படத்தில்தான் பார்த்தேன் என்றேன். எங்கே தொங்கும் படம் என்று அடுத்த கேள்வி. உணவகம் என்றால் களவு வேலை வெளியே தெரிந்துவிடும். சவர்க்காரத் தண்ணீரில் ஊறி வெளுத்த என் விரல்கள், நான் சொல்லாமலே மேசைக்குக் கீழே போய் ஒளிந்துகொண்டன.

"பயத்தில உளறிப்போட்டன் தம்பி. கோபுரம், மதில் எல்லாத்தையும் வெட்டிவிடச் சொல்லுங்கோ. என்ர ஊரில அப்பிடி ஒரு மண்ணும் இல்லை."

அதிகாரி விரல்கள் போன திசையைப் பார்த்தார். படத்தை விட்டுவிட்டு, வீட்டிலிருந்து சந்திக்கு எப்படிப் போவீர்கள் என்று வேறு பக்கத்தால் வந்தார். அது தானாக வந்தது: ஒழுங்கை, இடப்பக்கம் கூட்டுறவுச் சங்கக்கடை, சைக்கிளுக்குக் காற்றடிக்கும் கொட்டில், என்னை மட்டும் துரத்துகிற அதன் கறுத்த நாய். நாயின் குணத்தையும் எழுதிக்கொண்டார். கடைசியில் எழுதியதை வாசித்துக் காட்டினார்கள். அதில் ஒரு வரி: விண்ணப்பதாரரின் ஊரில் மலை இல்லை. கையெழுத்து வைத்தேன்.

பதில் நல்லபடியாக வர இன்னும் இரண்டு வருடம் இருந்தது. அன்று அது யாருக்குத் தெரியும்? நேரே தொட்டியடிக்குத்தான் போனேன். என்ன நடந்தது என்று முதலாளி கேட்டார். என் கதை இன்னும் தெரியாது, உங்கள் ஊரை மட்டும் அங்கேயே நிராகரித்துவிட்டார்கள் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. அன்று பின்னேரம் மூன்று கோப்பை உடைத்தேன்.