வாசலுக்கு வந்த மானிட்டர்

2007-ஆம் ஆண்டு, ஆவணி மாதம். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டுச்சேலைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுக்கொடுத்துக் கொண்டிருந்தேன். பழைய கனத்த மானிட்டரைக் கழித்துவிட்டு எல்.சி.டி. வாங்கியிருந்த புதிது. தினமும் காலையில் மெல்லிய துணியால் துடைத்த பிறகே வேலையைத் தொடங்குவேன்.

ஐயம்பேட்டையிலிருந்து ஒரு கல்யாணப்பெண் தன் அத்தையுடன் வந்தாள். முகூர்த்தச் சேலை நாவல்பழ நிறத்தில் வேண்டும் என்பது அவள் ஆசை. அத்தைக்கு அரக்குதான் பிடித்தம். அரைமனதாக இறங்கி வந்திருந்தார். நிறம் எடுப்பாகத் தெரியட்டும் என்று டியூப்லைட்டை அணைத்துவிட்டு, டிசைனைத் திரை முழுக்க விரித்தேன். முந்தானையின் கீழ்மூலையில் சாம்பல் பூசினாற்போல் வெளிறித் தெரிந்தது.

"இன்னாபா இது, நெய்யறதுக்கு முன்னாடியே சாயம் வெளுத்துக்கினு இருக்குது?" என்றார் அத்தை.

திரைக்குப் பின்னால் விளக்கு எரிகிறது, அடர்ந்த நிறம் வந்தால் அந்த வெளிச்சம் ஓரத்தில் கசிந்து தெரியும், சேலையில் இது வராது என்று விளக்கினேன். எடுபடவில்லை.

"நல்ல காரியத்துக்குக் கறையோடயா எடுப்பாங்க? அரக்கே பாத்துக்கலாம், வாமா" என்று எழுந்துவிட்டார்.

பெண் எழவில்லை. "எந்தச் சேலையையும் வாசல்ல வெச்சுப் பாக்காம நீ வேணாம்னு சொன்னதில்லியே அத்த. இத மட்டும் ஏன் உள்ளயே பாத்துட்டுக் கெளம்புற?"

அத்தை யோசித்தார். "அப்போ பொட்டிய வெளிய எடுத்துக்கினு வரச் சொல்லு."

விளையாட்டுக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். இல்லை. எல்லாவற்றையும் அணைத்து, மானிட்டரையும் சி.பி.யு.வையும் வாசலில் ஒரு ஸ்டூலில் வைத்து, எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுத்து மறுபடி போட்டேன். சைக்கிளில் போன பால்காரர், "இன்னாபா, டிக்கெட் எவ்ளோ?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பகல் வெளிச்சத்தில் அந்த வெளிறல் தெரியவே இல்லை. அத்தை குனிந்து, துணியைத் தடவுவதுபோல் திரையின் மூலையை விரலால் தடவினார்.

"சேலையில கறை இருந்தா வெளிச்சத்துல இன்னும் பளிச்சுனு தெரியும். இது காணாம போவுது. கோளாறு உன் பொட்டியிலதான்பா" என்றவர், மருமகளைப் பார்த்து, "நாவப்பழமே நெய்யட்டும்" என்றார்.

அதன்பின் டியூப்லைட்டை எரியவிட்டு, திரையின் வெளிச்சத்தைக் குறைத்துத்தான் டிசைன் காட்டினேன். யாரும் அந்த மூலையைக் கவனிக்கவில்லை.

என் விளக்கம் யாரிடமாவது எடுபடாமல் போகும்போதெல்லாம், அத்தையோடு மல்லுக்கு நிற்காமல் அவருடைய வழக்கத்தைக்கொண்டே அவரைச் சம்மதிக்க வைத்த அந்தப் பெண்ணை நினைத்துக்கொள்கிறேன்.